கயிறு கையில், கலக்கம் மனதில்: வலுவான இளங்குதிரையோடு பழகத் தொடங்குபவர்களுக்கு

4 வயதுக் குதிரை ஒன்று தலையை ஒருமுறை வெடுக்கென்று உதறினால் போதும், கயிற்றின் இந்த முனையில் நிற்பவருக்கு உள்ளங்கை எரியும். எரிச்சல் ஐந்து நிமிடத்தில் போய்விடும். ‘இது என் கைக்கு அடங்காது’ என்ற எண்ணம் மட்டும் வீடு வரைக்கும் கூடவே வரும். திருவான்மியூர் சிக்னலில் நிற்கும்போதும் அதுதான், ராத்திரி படுக்கும்போதும் அதுதான்.

செவலை என்று நாங்கள் கூப்பிடும் மார்வாரிக் கலப்புக் குதிரை, பனையூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் லாயத்துக்கு வந்தபோது எனக்கு இப்படித்தான் இருந்தது. காயடித்த ஆண் குதிரை, எடை 400 கிலோவை ஒட்டி இருக்கும். அதற்கு முன் நான் பழகியவை எல்லாம் 15 வயதைத் தாண்டிய, பக்கத்தில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தாலும் காதைக்கூட திருப்பாத குதிரைகள். முதல் 2 மாதம், ‘நாளையிலிருந்து வரவில்லை என்று சொல்லிவிடலாமா’ என்று யோசித்துக்கொண்டேதான் தினமும் வண்டியை எடுத்தேன். அந்த நாட்களிலும் அதற்குப் பிறகும் கற்றுக்கொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சந்தேகத்தை விரட்டப் பார்க்காதீர்கள். அது சொல்வதை எல்லாம் அப்படியே நம்பவும் வேண்டாம். அதற்குள் பல செய்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. சிலவற்றை இன்றைக்கே கவனிக்க வேண்டும், சிலவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

இரவு சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிடம். அன்றைக்கு எந்த இடத்தில், எந்த நொடியில் மனம் கலங்கியது என்று மட்டும் எழுதுங்கள். ‘குதிரை முரடு’ என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ‘கேட் பக்கம் திரும்பியபோது தோளால் என்னை இடித்துக்கொண்டு முந்தியது’ என்று எழுதுங்கள்.

ஒரு வாரம் கழித்துப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். நாள் முழுக்கப் பயந்துகொண்டே இருந்ததாக நினைத்திருப்பீர்கள். நோட்டில் இரண்டு மூன்று இடங்கள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். எனக்கு மூன்று: கேட், குளிப்பாட்டும் சிமெண்ட் தளம், பக்கத்து அறைக் குதிரையை வெளியே கூட்டிப்போகும் நேரம். மற்ற நேரம் எல்லாம் நானும் செவலையும் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறோம்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கேள்வி கேளுங்கள். இங்கே எனக்கு அடிபட வாய்ப்பு இருக்கிறதா, எப்படிச் செய்வது என்று தெரியவில்லையா, அல்லது யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கூச்சமா? அடிபடும் வாய்ப்பு என்றால் அந்த ஏற்பாட்டை இன்றே மாற்றுங்கள். கூட ஒருவரை நிறுத்துங்கள், இல்லையென்றால் அந்த வேலையைச் சில நாள் தள்ளிப்போடுங்கள். தெரியவில்லை என்றால் கற்றுக்கொள்ளலாம், அதற்குக் கீழே வருகிறேன். கூச்சம் என்றால் ஆள் இல்லாத நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

உங்களைக் குறை சொல்வதற்கு முன் குதிரையின் உடம்பைப் பாருங்கள்

‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளும்’ என்று குதிரையைத் திட்டுவதற்கு நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. இளங்குதிரை விஷயத்தில் அது பல சமயம் அநியாயம்.

குதிரைக்குப் பால்பற்கள் 24. இரண்டரை வயது வாக்கில் முன்பற்கள் விழத் தொடங்கி, நான்கரை வயது வாக்கில் கடைசி ஜோடி விழும். 5 வயதில்தான் வாய் நிறைகிறது. அதே காலத்தில் உள்ளே கன்னப் பற்களிலும் மாற்றம் நடக்கும். பழைய பல் ஒரு மூடிபோல மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், அடியிலிருந்து புதுப்பல் முட்டும். அந்த வாயில் இரும்பை வைத்து இழுத்தால் தலையை உதறாமல் என்ன செய்யும்? முதுகும் அப்படித்தான். முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்தரை, 6 வயதுகூட ஆகும். 6 மாதம் முன்பு பொருந்திய சேணம் இன்று தோள்பட்டையைக் கவ்விப் பிடிக்கலாம். குதிரை கோபக்காரனாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

அதனால் பல், முதுகு, குளம்பு மூன்றையும் குதிரை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் வேப்பேரியில் இருக்கின்றன. ஆலோசனை கேட்க அது நல்ல இடம்.

நீங்களே பார்க்க வேண்டியதும் உண்டு. ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி வரை இருக்கும். தாடை எலும்பின் உட்பக்க ஓரத்தில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு வாரம் எடுத்துப் பழகுங்கள். பிறகு ஒரு நாள் குதிரை ஒரு மாதிரி இருந்தால், ‘எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ’ என்று குழம்ப வேண்டாம். உங்கள் கையில் எண் இருக்கும்.

அப்புறம் தீனி. எங்கள் பக்கத்து லாயங்கள் பலவற்றில் இடம் குறைவு. 4 வயதுக் குதிரைக்குக் கொள்ளும் ஓட்ஸும் தாராளமாகப் போட்டு, நாள் முழுக்க அறைக்குள் கட்டிவைத்து, மாலையில் அரைமணி நேரம் வெளியே எடுத்தால் அது பறக்கத்தான் பார்க்கும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புதியவர் தன் திறமையைச் சந்தேகப்படுவது பரிதாபம். 400 கிலோ குதிரைக்கு உலர்ந்த கணக்கில் ஒரு நாளைக்குக் குறைந்தது 6 கிலோ புல்லும் நார்த்தீவனமும் வேண்டும். வேலை குறைவாக இருக்கும் நாட்களில் தானியத்தைக் குறைத்து, புல்லைக் கூட்டுங்கள். எதை மாற்றினாலும் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தீனியைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலியில்தான் போய் நிற்கும். செவலைக்குத் தானியத்தைக் குறைத்து, காலையில் 2 மணி நேரம் வேலிக்குள் அவிழ்த்துவிடத் தொடங்கிய பிறகு, நோட்டில் குளிப்பாட்டும் தளம் பற்றிய வரிகள் பாதியாகக் குறைந்தன. நான் புதிதாக எதையும் கற்றுக்கொண்டிருக்கவில்லை.

தரையில் செய்ய வேண்டிய பாடம்

கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

போட்டுக்கொள்ள வேண்டியவை: தாடைப் பட்டை உள்ள தலைக்கவசம், தரையில் நிற்கும்போதும். விரல் மூடிய, சின்னக் குதிகால் உள்ள ஷூ. கையுறை. செருப்போடு லாயத்துக்குள் காலை வைக்காதீர்கள். சாணத்திலும் மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும், அதனால் உங்கள் தடுப்பூசியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கயிறு பருத்திக் கயிறு, 3 மீட்டர். மிச்சக் கயிற்றை மடித்து மடித்துப் பிடிக்கலாம். கையைச் சுற்றி ஒருபோதும் சுற்றக்கூடாது. குதிரை ஓடினால் சுற்றிய கயிறு விரலை எடுத்துக்கொண்டு போய்விடும்.

நிற்கும் இடம், குதிரையின் இடது தோள். நேர் முன்னாலும் நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாத பகுதி உண்டு. பின்னால் கடக்க வேண்டியிருந்தால் குதிரையின் இடுப்பின்மேல் கையை வைத்து, பேசிக்கொண்டே, உடம்பை ஒட்டிப் போங்கள். இல்லையென்றால் 4 மீட்டர் தள்ளிப் போங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் உதை முழு வலுவோடு விழும்.

இப்போது முதல் பாடம்: நிற்பது. குதிரையோடு நாலடி நடங்கள். நீங்கள் நில்லுங்கள். மூச்சை வெளியே விட்டு ‘ஹோ’ என்று சொல்லுங்கள். குதிரை நிற்கவில்லை என்றால் கயிற்றைப் பின்பக்கமாகச் சின்னதாக அழுத்துங்கள். இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். வலுவில் அதோடு போட்டி போட முடியாது, போடவும் தேவையில்லை. கால் நின்ற அந்த நொடியில் அழுத்தத்தை விடுங்கள். குதிரை கற்றுக்கொள்வது நீங்கள் விடும் அந்த நொடியில்தான். 3 நொடி தாமதித்து விட்டால், அந்த 3 நொடிக்குள் வேறு என்ன செய்ததோ அதற்கான பரிசு என்று அது எடுத்துக்கொள்ளும்.

எங்கள் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் அண்ணன் ஒருவர், நான் செவலையை நிறுத்தப் பாடுபடுவதை இரண்டு நாள் பேசாமல் பார்த்தார். மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து, “கேட்டா முழுசாக் கேளு தம்பி. பாதி கேட்டுட்டு நீயே விட்டுட்டா அதுக்கு என்ன புரியும்?” என்றார்.

நான் செய்துகொண்டிருந்ததும் அதேதான். நிற்கச் சொல்வேன். அது நிற்குமா என்ற சந்தேகத்தில், அது பதில் சொல்வதற்கு முன்பே கயிற்றைத் தளர்த்தி நானும் கூட நடந்துவிடுவேன். மறுமுறை பயத்தில் தேவைக்கு மேல் இழுப்பேன். செவலைக்கு ‘ஹோ’ என்றால் ஒரு நாள் ஒன்றுமில்லை, மறுநாள் தண்டனை. குதிரைக்கு உங்கள் பயத்தால் வரும் தொல்லையைவிட, பயத்தால் நீங்கள் அரைகுறையாகக் கேட்பதால் வரும் தொல்லை அதிகம். பயத்தை உடனே போக்க உங்களால் முடியாது. கேள்வியைச் சின்னதாக்கி, அதை முழுசாகக் கேட்க இன்றைக்கே முடியும்.

அதனால், வேலி ஓரமாக ஒரு சுற்று நடத்த முடியுமா என்று சந்தேகமாக இருந்தால் நாலடி நடத்துங்கள். அதுவும் சந்தேகம் என்றால் அறைக்குள்ளேயே ஓரடி பின்வாங்கச் சொல்லுங்கள். மார்பில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்துங்கள். கால் நகரும் வரை அதே அளவில் பிடித்திருங்கள், நகர்ந்ததும் எடுத்துவிடுங்கள். ஓரடி வந்தாலே பிடரியைத் தடவிக் கொடுங்கள்.

இதற்கு அடுத்தது தலையை இறக்கச் சொல்வது. காதுகளுக்குப் பின்னால், பிடரி தொடங்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தி, ஓர் அங்குலம் இறங்கினாலும் கையை எடுங்கள். சில நாளில் மூக்கு முழங்கால் வரைக்கும் வரும். தலை மேலே தூக்கியபடி இருக்கும் குதிரை பெரும்பாலும் பதற்றத்தில் இருக்கிறது. தலையை இறக்கி, கண்ணைச் சிமிட்டி, வாயை மென்றால் தளர்ந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த ஒரு பாடம் மற்ற எல்லாவற்றையும்விடத் தைரியம் கொடுத்தது. செவலையின் உயரத்தில் இருந்த தலை என் கைக்கு இறங்கி வந்ததைப் பார்த்த அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சந்தோஷம்.

ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும். அதற்கு மேல் இளங்குதிரைக்கும் கவனம் நிற்பதில்லை, உங்களுக்கும் பொறுமை நிற்காது.

கயிற்றைப் பறித்துக்கொண்டு ஓடினால்

விட்டுவிடுங்கள். 400 கிலோவைப் பிடித்து நிறுத்த முடியாது. இதற்கான முன்னேற்பாடுதான் முக்கியம்: குதிரையை அறையிலிருந்து எடுக்கும் முன்பே வெளிக் கேட் சாத்தியிருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் வரும் வேகம் எல்லாருக்கும் தெரியும். கேட் சாத்தியிருந்தால், ஓடிய குதிரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மற்றக் குதிரைகள் பக்கம் வந்து நிற்கும். துரத்தாமல், பக்கவாட்டில், மெதுவாகப் போய்ப் பிடியுங்கள். பிடித்ததும் அடிக்காதீர்கள். உங்களிடம் பிடிபட்டதற்கு அடி என்றுதான் அதற்குப் புரியும்.

முன்னங்கால்களைத் தூக்கினால் கயிற்றைத் தளர்த்திப் பக்கவாட்டில் விலகுங்கள். கீழே இழுக்காதீர்கள், சமநிலை தவறி உங்கள்மேலேயே சாயக்கூடும்.

உங்கள் உடம்பு

2009இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஒன்று செய்து பார்த்தார்கள். ஆட்களைக் குதிரையோடு ஒரே பாதையில் சில முறை நடக்கச் சொல்லி, கடைசி முறைக்கு முன், ‘இந்தத் தடவை குதிரையின் முன்னால் குடை விரியும்’ என்றார்கள். குடை விரியவே இல்லை. விரியப்போகிறது என்று எண்ணியதிலேயே ஆட்களின் இதயத்துடிப்பு ஏறியது, கூட வந்த குதிரைகளின் துடிப்பும் ஏறியது.

இதைப் படித்துவிட்டு, ‘ஐயோ, என் பயம் அதற்குத் தெரிந்துவிடும்’ என்று இன்னும் பயப்பட வேண்டாம். குடையை எதிர்பார்த்து நடக்காதபடி மனதுக்கு ஒரு வேலை கொடுங்கள், அது போதும். நான் அடிகளை எண்ணுவேன். ஒன்றிலிருந்து எட்டு வரை, சத்தமாக. எண்ணும்போது மூச்சு தானாக ஓடும், நடை சீராகும், குரலும் தாழ்ந்து வரும். சில பேர் பாட்டு முணுமுணுப்பார்கள், அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. தூங்காத இரவுக்கு மறுநாள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாள், இந்த நாட்களில் புதுப் பாடம் வேண்டாம். தேய்த்துவிட்டு, தீனி போட்டுவிட்டு வாருங்கள்.

சென்னைக்கென்று சில

வேலையைக் காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். கத்திரி வெயிலில் இதைக் கட்டாயமாக்குங்கள். வெயில் மட்டும் பிரச்சினை இல்லை, கடலோரப் புழுக்கம் அதைவிட மோசம். சில குதிரைகளுக்கு இந்தப் புழுக்கத்தில் வியர்ப்பதே நின்றுவிடும். வேலை முடிந்தும் தோல் காய்ந்திருக்கிறது, மூச்சு மட்டும் வேகமாக ஓடுகிறது என்றால் உடனே நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, மருத்துவரைக் கூப்பிடுங்கள். ‘சோம்பேறித்தனம் பண்ணுகிறது’ என்று அதை விரட்டுவது ஆபத்து.

மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும். தகரக் கூரை தடதடக்கும், பிளாஸ்டிக் பை பறக்கும். புதுப் பாடத்துக்கு அது நேரமில்லை. தீபாவளி வாரத்தில் எதையும் கற்றுக்கொடுக்கப் பார்க்காதீர்கள். அறையில் புல்லை நிறையப் போட்டு, பழகிய ஒரு குதிரையின் பக்கத்தில் நிற்கவிடுங்கள், வெடிச் சத்தம் உச்சத்தில் இருக்கும் நேரம் நீங்களும் பக்கத்தில் இருங்கள். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் சவாரிக் குதிரைகள் கூட்டத்துக்கு நடுவே அமைதியாகப் போவதைப் பார்த்து, உங்கள் 4 வயதுக்காரனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக ஆசை வரும். அவை அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவை. ஒப்பிட வேண்டாம்.

பந்தயத்திலிருந்து விலகிய தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) உங்களுக்கு வந்திருந்தால் கூடுதலாக ஒன்று. பந்தயத்தில் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தால் அதன்மேல் சாய்ந்து ஓடப் பழகிய குதிரை அது. நீங்கள் நிறுத்த இழுப்பீர்கள், அது இன்னும் ஓடச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும். இழுத்து, விட்டு, திரும்ப இழுத்து விடுவதைத்தான் அதற்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஏறுவது

தரையில் நில், பின்வா, தலையை இறக்கு மூன்றும் 10க்கு 9 முறை வந்த பிறகு ஏறுங்கள், அனுபவம் உள்ள ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கும்போது. தீவுத்திடல் அருகே 1839இல் நிறுவிய, ஆளுநர் மன்றோ குதிரைமேல் இருக்கும் சிலையில் அங்கவடி, அதாவது கால் வைக்கும் வளையம், கிடையாது. அதைப் பார்த்தால் குதிரைமேல் உட்கார்வது நாற்காலியில் உட்கார்வதுபோல் தோன்றும். நமக்கு அங்கவடி வேண்டும், ஏறுபலகையும் வேண்டும். முதல் வாரம் ஏறி, ஒரு நிமிடம் நின்று, இறங்குவது மட்டும். மனம் கலங்கினால் குதிரை நிற்கும் நேரமாகப் பார்த்து இறங்கிவிடுங்கள். இறங்கிய பிறகு தரையில் ஒரு சின்னப் பாடம் செய்து முடியுங்கள்.

கயிற்றை வேறு கையில் கொடுக்க வேண்டிய நேரம்

ஒரே வாரத்தில் இரண்டு முறை அடிபட்டால், குதிரை காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு உங்கள்மேல் வேண்டுமென்றே வந்தால், அல்லது கோபத்தில் நீங்கள் கையை ஓங்கிவிட்டால், நிறுத்துங்கள். அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். ஒரு மாதம் அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். “அடிச்சாத்தான் அடங்கும்” என்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். அவர் முன்னால் குதிரை அடங்கி நிற்கலாம். திரும்பி உங்கள் கைக்கு வரும்போது கையைத் தூக்கினாலே மிரளும், அதைச் சரிசெய்ய இன்னும் ஆறு மாதம் ஆகும்.

மூன்றாம் மாதம் நானும் செவலையைச் சைஸ் அண்ணனிடம் மூன்று வாரம் கொடுத்தேன். கொடுத்த அன்று மிகவும் வருத்தமாக இருந்தது. ஆனால் ஓரமாக நின்று பார்த்ததில்தான், கேட்டுக்கு வரும் முன்பே அவர் தோள் குதிரைப் பக்கம் லேசாகத் திரும்புவதைக் கவனித்தேன். நான் அந்த இடத்தில் எப்போதும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்ப வாங்கும்போது, விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். அறைக்குள் நிற்பதிலிருந்து தொடங்குங்கள். நான் வாங்கிய முதல் வாரம் வெளியே எடுக்கவே இல்லை. எட்டாம் நாள் கேட்டுக்குப் பத்தடி முன்னால் நிறுத்தி, பிடரியில் கை வைத்தேன். செவலை தலையை இறக்கியது. கேட் வரைக்கும் போகாமல், அன்றைக்கு அங்கிருந்தே திரும்பிவிட்டோம்.